பேர் சொல்லாமல் விட்ட சூடு

அங்கப்பன் வீட்டுப் படுக்கையறையில் இருந்த சூடு, கார்த்திகை முடிகிற சமயம் ஒரு சாயங்காலம், வீட்டை விட்டு வெளியே போய்விட்டது.

போனதை மறைக்க வழியில்லை. பேரிக்காய்த் தெரு முழுக்கப் பார்த்தது. குன்னூருக்கு மேலே, தேயிலைச் சரிவை ஒட்டி ஒற்றை வரிசையாக வீடுகள் நிற்கிற தெரு அது. ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் கஷாயம் வைப்பார்கள். அன்றைக்குக் குழாயடியில் குடம் வைத்துக் காத்திருந்த பெண்களின் கணுக்காலை என்னவோ பூனை மாதிரி உரசிக்கொண்டு போயிற்று, சுருண்டு கிடந்த நாய் நாலு காலையும் நீட்டிப் புரண்டு படுத்தது, டீக்கடை ஆறுச்சாமியின் தோளில் கிடந்த ஈரத்துண்டு அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் மொடமொடவென்று காய்ந்து நின்றது, மதில் பாசிக்குள் குளிருக்கு ஒண்டியிருந்த பூச்சிகள் வெயில் வந்துவிட்டதென்று நம்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஏமாந்து உள்ளே போயின. அது யாரையும் பார்க்காமல், கோபித்துக்கொண்டு சொல்லாமல் கிளம்பின சொந்தக்காரர் மாதிரி, தெருமுனை வரைக்கும் போய், பஸ் நிழற்குடைக்குள் ஏறி, சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

"அங்கப்பண்ணன் ஊட்டுதுங்க இது," என்றார் ஆறுச்சாமி, மூக்கை உயர்த்தி. "தைல வாசம், கம்பளி வாசம், பச்சப்புள்ள தலை வாசம். வேற யாரு ஊட்டுச் சூட்டுக்கு இந்த வாசம் இருக்குது?"

யாரும் மறுக்கவில்லை. ஆளுக்கு ஒரு ஓரமாக நிழற்குடைக்குள் ஏறி உட்கார்ந்தார்கள்.

அந்த வீட்டுச் சூடு சாதாரணமாக வந்ததல்ல. கருங்கல் சுவர், தகரக் கூரை, பள்ளத்தாக்கைப் பார்த்த ஒரே ஜன்னல். அப்படி ஒரு அறையில் சூடு எங்கிருந்து வரும்? ஆட்கள் கொண்டுவந்து சேர்த்தது. அங்கப்பனின் அப்பா காலத்தில் வெயில் நாளில் ஆளுக்கொரு மூலையில் படுப்பார்கள், மார்கழி பிறந்துவிட்டால் மொத்தக் குடும்பமும் அந்த ஓர் அறைக்குள் வந்துவிடும், இரண்டு கட்டிலையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி, அதன் மேல் வைக்கோல் மெத்தை, அதன் மேல் பஞ்சு மெத்தை, அதன் மேல் கம்பளி, கம்பளிக்கு மேல் அப்பாவின் பழைய காக்கிக் கோட்டு. சாயங்காலமே கணப்புச் சட்டியில் கரி போட்டு அறை நடுவில் வைப்பார்கள், படுப்பதற்கு முன்னால் அப்பா அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்துவிட்டு வருவார், கரிப்புகை உயிரை வாங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். சட்டி போய்விடும், சூடு இருக்கும். அது அப்படியே வருஷம் வருஷமாக ஊறியது. கல்லுக்குள் போயிற்று. அங்கப்பனுக்குக் கல்யாணமாகி வந்தவளும், தம்பி நாச்சிமுத்துவுக்குக் கல்யாணமாகி வந்தவளும், அங்கப்பன் மகள் பிருந்தாவும் அந்தச் சூட்டில்தான் படுத்தார்கள், பெண்கள் கட்டிலில், ஆண்கள் கீழே, நடுவில் ஒரு சேலைத் திரை. கோடையில் கூடச் சுவரில் கன்னத்தை வைத்தால் கன்னுக்குட்டி வயிற்றில் வைத்த மாதிரி இருக்கும்.

பிறகு சண்டை வந்தது. எதற்கு? ஜன்னலுக்கு.

அங்கப்பன் மலைப் பாதையில் பஸ் ஓட்டி ஓய்ந்தவர். முழங்காலில் ஊசி குத்துகிறது, ஜன்னலைச் சாத்து என்பார். நாச்சிமுத்து தேயிலை ஃபேக்டரியில் தூசி குடித்த ஆள். மூச்சு முட்டுகிறது, ஜன்னலைத் திற என்பார். ஒருவர் திறப்பார், ஒருவர் சாத்துவார். இதற்காகப் பேச்சு தடித்து, பேச்சு நின்று, கடைசியில் பாகம் பிரிப்பது என்று வந்து நின்றது. வீட்டில் பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், தடுக்க ஆளில்லை.

அந்தத் தெருவில் பாகம் பிரிப்பது குரலால்தான். நடுவர் ஒருத்தர் நடுவீட்டில் நின்று ஒவ்வொரு சாமானாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், "ஆட்டுக்கல்லு யாருக்கு?" என்பார், அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும், யார் பேரைச் சொல்கிறார்களோ அது அவருக்கு. பேர் சொல்லிக் கூப்பிடாமல் விட்டுப்போனது யாருக்கும் கிடையாது. அது தெருவுக்கு. முன்பு ஒரு வீட்டில் கோழியை மறந்துவிட்டார்கள். அது செத்துப்போகும் வரைக்கும் தெருக்கோழியாகவே முட்டையிட்டது, யார் எடுத்தாலும் யாரும் கேட்கவில்லை. அங்கப்பன் வீட்டுக்கு ஆறுச்சாமிதான் நடுவர். அவர் ஆட்டுக்கல்லைக் கூப்பிட்டார், அண்டாவைக் கூப்பிட்டார், கட்டிலைப் பிரித்துக் கூப்பிட்டார், கம்பளிகளைக் கூப்பிட்டார், ஜன்னல் தம்பிக்கு, பழைய வாசல் அண்ணனுக்கு, தம்பி தனக்கு ஒரு வாசல் குடைந்துகொள்ளலாம் என்றார், சாமி படத்தைக் கூட மறக்கவில்லை. கொத்தனார் படுக்கையறைக்கு நடுவில் சிமெண்டுக் கல் வைத்துச் சுவர் எழுப்பினார். அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம்.

சூட்டை யாரும் கூப்பிடவில்லை. பூச்சுக் காய்ந்த அன்றைக்கு அது எழுந்து போய்விட்டது.

"வாய் வரைக்கும் வந்துச்சுங்க," என்று ஆறுச்சாமி பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார். "அண்ணனும் தம்பியும் மொறச்ச மொறப்புல மறந்துபோச்சு."

தெருவுக்கு வந்ததைத் தெரு எப்படி விடும்? குன்னூர்க் குளிரில் இட்லி மாவு புளிக்காது, அது ஊருக்கே தெரிந்த சங்கடம். மறுநாள் காலையில் நிழற்குடைப் பெஞ்சுக்கு அடியில் ஒரு மாவுப் பாத்திரம் இருந்தது, அதற்கடுத்த நாள் வரிசையாக இருந்தன, மூடிமேல் அவரவர் அடையாளத்துக்குப் பூண்டு, மிளகாய், ஒற்றைச் செருப்பு. தயிர் உறைந்தது, வாழைத்தார் பழுத்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஈரச் சட்டைகள் கம்பியில் காய்ந்தன, அடைக்கு உட்கார இடமில்லாமல் அலைந்த கோழிகள் மூலையைப் பிடித்துக்கொண்டன. பஸ் வரும், யாரும் ஏறமாட்டார்கள். "அடுத்த பஸ்ஸுல வர்றோம், போங்க," என்பார்கள். கொஞ்ச நாளில் டிரைவரும் கண்டக்டரும் கூட இறங்கி வந்து கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். பேசாமல் இருந்த மாமியாரும் மருமகளும் இடமில்லாத குறைக்கு ஒட்டி உட்கார்ந்து பேச்சை ஆரம்பித்தார்கள், ஆரம்பித்த இடத்திலேயே மறுபடி சண்டை போட்டார்கள். வார்டு கவுன்சிலர் ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார்: 'வெதுவெதுப்பு தந்த வள்ளலே வருக.' எதிர்க்கட்சிக்காரர் எதிரே இன்னொன்று வைத்தார்: 'எங்கள் ஆட்சியில் இதைவிடச் சூடாக இருந்தது.'

அங்கப்பனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. காரணம் இருந்தது.

பிருந்தா திருப்பூரில் வாக்கப்பட்டவள். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர வேண்டும். தாய் இல்லாத தாய்வீடு. அவள் பள்ளிக்கூடம் சேருவதற்கு முன்பே அங்கப்பனின் மனைவி துளசி போய்விட்டாள். ஆனால் பிருந்தா போனில் ஒரே பிடியாக நின்றாள். "எனக்கு ஆஸ்பத்திரி, டாக்டரெல்லாம் எங்கயாவது இருக்கட்டும்ப்பா. நம்ம ரூம்ல படுக்கோணும். அது போதும்."

அவள் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "மார்கழிக் குளுருல மலை மேல கொண்டுபோய்ப் பச்ச ஒடம்புக்காரிய வெக்கறதுங்களா? நானே கூட்டியாந்து ரூம்பப் பாக்கறனுங்க. கதகதன்னு இருந்துச்சுன்னா உட்டுட்டு வாரன். இல்லீன்னா அப்படியே திருப்பிக் கூட்டிட்டு வந்துருவன். அப்பறம் கோவிச்சுக்கக் கூடாதுங் சம்பந்தி."

அதனால் அங்கப்பன் அறையைச் சூடு பண்ண உட்கார்ந்தார்.

ஓட்டை உடைசலில் எல்லாம் பழைய பேப்பரைச் சுருட்டி அடைத்தார். சுவரில் கம்பளியை ஆணியடித்து மாட்டினார். தரையில் தென்னைநார்ப் பாய், அதன் மேல் ஜமக்காளம், அதன் மேல் எஸ்டேட் துரை வீட்டு ஏலத்தில் வந்த பூப்போட்ட விரிப்பு. இலவம்பஞ்சு மெத்தை ஒன்றின் மேல் ஒன்று. வாசலுக்குக் கனத்த திரை, ட்யூப் லைட்டை எடுத்துவிட்டு மஞ்சள் பல்பு, ரப்பர் பையில் வெந்நீர், இரண்டு கம்பி ஹீட்டர். பார்க்க அறை பலகாரக்கடை மாதிரி ஜோராக இருந்தது. ஹீட்டர் கம்பி செக்கச்செவேலென்று பழுத்தது. அதன் முன்னால் கையை நீட்டினால் காலண்டர்ப் படத்து நெருப்பில் கையை நீட்டிய மாதிரி இருந்தது. வெந்நீர்ப் பை மெத்தையில் வைத்ததும் விறைத்தது. மஞ்சள் பல்பின் வெளிச்சத்தில் அங்கப்பன் மூச்சு வெள்ளை வெள்ளையாக வந்துகொண்டே இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமும் ஆணியடிக்கிற சத்தம் கேட்டது. இவர் நாலு அடித்தால் அங்கே ஐந்து. இவர் ஹீட்டர் வாங்கினதும் அங்கேயும் ஹீட்டர் வந்தது.

"காப்பியடிக்கறான் பாரு," என்றார் அங்கப்பன், சுவரைப் பார்த்து.

"யாரு யாரைக் காப்பியடிக்கறது? ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டுனது நானு மொதல்ல!" என்றது சுவர்.

"ஜன்னல அடச்சுட்டியா? மூச்சு முட்டலியா இப்ப?"

சுவர் இருமியது.

ஒரு மத்தியானம் அங்கப்பன் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு நிழற்குடைக்குப் போனார். கூட்டம் விலகி இடம் கொடுத்தது; என்ன இருந்தாலும் அவர் வீட்டுப் பொருள். பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் தாமதம், அது வந்து அவர் மேல் முழுசாகச் சாய்ந்தது. அவர் விடிகாலை முதல் ட்ரிப் பஸ் ஓட்டின காலம் அதற்குள் இருந்தது, மேட்டுப்பாளையம் போய்த் திரும்பி, ஸ்டியரிங்கைப் பிடித்து மரத்துப்போன விரல்களோடு வீட்டுக்கு வந்து, தூங்குகிற துளசியின் முதுகில் இரண்டு உள்ளங்கையையும் அப்படியே வைப்பார், அவள் அலறுவாள், "அட நாசமாப் போக, ஐஸுக் கட்டியா வெக்கறீங்க!" என்பாள், என்றுவிட்டுக் கையைத் தள்ளமாட்டாள், இழுத்து வயிற்றோடு வைத்துப் போர்த்திக்கொள்வாள், கம்பளிக்குள் பிருந்தா உதைப்பாள். அந்த அலறல் கூட அந்தச் சூட்டில் இருந்தது. அப்படியே இருந்தது. அங்கப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார், யாரும் பார்க்காத மாதிரி. எல்லாரும் பார்த்தார்கள்.

பிறகு கம்பளியை விரித்துப் பெஞ்சின் மேல் போட்டு, நாலு மூலையையும் சேர்த்து மூட்டையாகக் கட்டித் தூக்கினார்.

"என்ர ஊட்டுது. கொண்டுபோறன்."

"எடுத்துட்டுப் போங்ணா, யாரு வேண்டாங்கறது," என்றார் ஆறுச்சாமி.

வீட்டுக்குப் போய் அவிழ்த்தார். கம்பளிதான் இருந்தது. அடுத்த நாள் நாச்சிமுத்து மூடி போட்ட தகர டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார், திறந்து வைத்தார், காத்திருந்தார், பட்டென்று மூடினார். வீட்டில் போய்த் திறந்தால் டிரம்முக்குள் ஒரு கோழி. பிறகு இரண்டு பேரும் தனித்தனியாகக் கவுன்சிலரிடம் போய் முறையிட்டார்கள். பொது இடத்தில் இருப்பது பொதுச்சொத்து என்றார் கவுன்சிலர். அவர் வீட்டு மாவும் அங்கேதான் புளித்துக்கொண்டிருந்தது.

சம்பந்தியம்மா சொன்ன நாளில் வந்துவிட்டார். ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை, தலையில் மஃப்ளர். பிருந்தா வயிற்றைத் தாங்கிக்கொண்டு படியேறி, நேராக அறைக்குள் போய், வாசல் நிலையிலேயே நின்றுவிட்டாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள். அவள் தேடின வாசம் அங்கே இல்லை.

"அப்பா, எங்கப்பா அது?"

அங்கப்பன் ஹீட்டரைத் திருகினார். விரிப்பைத் தட்டினார். "உக்காரு கண்ணு. இப்ப சூடாயிரும்."

சம்பந்தியம்மா சுவரைத் தொட்டார். கையை வெடுக்கென்று எடுத்தார். மெத்தையை அமுக்கிப் பார்த்தார். "எல்லாம் பாங்காத்தான் பண்ணி வெச்சிருக்கறீங்க சம்பந்தி. குத்தம் சொல்லலீங்க. ஆனா ஐஸு பொட்டிக்குள்ள பட்டுமெத்த போட்ட மாதிரி இருக்குது. வேண்டாங்க. ஒரு டீத்தண்ணி குடிச்சுட்டு நாங்க கெளம்பறோம். கீழ கார் நிக்குது."

பிருந்தா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள், புதுச் சுவர் இருந்த பக்கம். அவள் தோள் குலுங்கியதை அங்கப்பன் பார்த்தார். பார்த்துக்கொண்டு நின்றார். வேறென்ன செய்வார்? செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடித்தாயிற்று, இனி டீ ஆறுகிற நேரம்தான் பாக்கி.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று டங்கென்று வைக்கப்பட்டது.

அங்கே நாச்சிமுத்துவின் மனைவி இருந்தாள். அவளைப் பற்றிச் சொல்லவில்லை, சொல்லும்படி அவள் எந்தப் பேச்சிலும் வந்ததில்லை. துளசி போனபிறகு பிருந்தாவுக்குத் தலை பின்னினது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது, பெரியவளானபோது ஓலை கட்டி உட்காரவைத்தது எல்லாம் அவள்தான். ஆனால் புருஷனின் அண்ணன் முன்னால் தம்பி பெண்டாட்டி நிற்பதில்லை, நேரே பேசுவதில்லை. அவரும் அவள் பேரைச் சொல்வதில்லை. ஒரே கூரைக்குக் கீழே இத்தனை காலமாக அவர் அவளை "நாச்சிமுத்து ஊட்ல" என்றார், அவள் அவருக்குச் சொல்ல வேண்டியதை அடுப்பிடமோ பூனையிடமோ சொன்னாள். "பூனைக்குட்டி, சாப்பாடு ஆறுது," என்பாள். அங்கப்பன் எழுந்து வருவார். முகத்தை நேராகப் பார்த்ததில்லை. எதிரே வந்தால் அவள் சுவரோரம் ஒதுங்கி முதுகைக் காட்டுவாள், அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு போவார். அதுதான் மரியாதை என்று இருவருக்கும் பழகிப்போயிற்று.

அவள் இப்போது ஒரு தட்டை எடுத்தாள். குங்குமச் சிமிழ், வெற்றிலை பாக்கு, ஒரு வாழைப்பழம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பகலில் தட்டேந்திப் போகிறவளைப் பார்த்துக் குழாயடி பேச்சை நிறுத்தியது.

"எங்க அம்முணி, யாரு ஊட்டு விசேசத்துக்குக் கூப்புடப் போறே?"

"எங்க ஊட்டுதுக்குத்தான்," என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

நிழற்குடைக்கு முன்னால் செருப்பைக் கழற்றினாள். பெஞ்சில் இருந்தவர்கள் தாமாக எழுந்து வழிவிட்டார்கள். யாருமில்லாத பெஞ்சுக்கு முன்னால் தட்டை நீட்டி நின்றாள், கல்யாண வீட்டுக்கு அழைக்கிறவள் எப்படி நிற்பாளோ அப்படி.

"தப்புத்தானுங்க," என்றாள். "பாகம் பிரிச்ச அன்னிக்கு உங்களக் கூப்புடாம உட்டது தப்புத்தான். ஆம்பளைங்க வீம்புல மறந்துட்டாங்க. எனக்கு நாவகம் இருந்துச்சு. மச்சாண்டார் நிக்கறாருன்னு வாயத் தொறக்காம அடுப்படியில நின்னுட்டன். மனசுல வெச்சுக்காதீங்க. நம்ம பிருந்தா மாசமா வந்திருக்குது. குளுருல உக்காந்து அழுவுது. அழுதா எப்புடி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? வாங்க. ஊட்டுக்குப் போலாம்."

குங்குமத்தைப் பெஞ்சின் விளிம்பில் தொட்டு வைத்தாள், வெற்றிலை பாக்கை வைத்தாள், திரும்பி நடந்தாள். முறையாக அழைத்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, வருவாரோ மாட்டாரோ என்று சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும், அவள் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் நிழற்குடையில் கோழிகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்று சிலிர்த்துக்கொண்டன, கம்பியில் தொங்கின சட்டைகள் துவண்டன, மாவுப் பாத்திரங்களின் மூடி டக்டக்கென்று ஆடி அடங்கியது, அது பெஞ்சை விட்டு எழுந்துவிட்டது, வந்த வழியே, நாயைத் தாண்டி, குழாயடியைத் தாண்டி, அவள் குதிகாலுக்கு ஒரு முழம் பின்னால், தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தது. பெண்கள் அவரவர் மாவுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் பின்னால் நடந்தார்கள்.

வீட்டுக்கு முன்னால் வந்ததும் சூடு நின்றுவிட்டது. முன்பு ஒரு வாசல். இப்போது இரண்டு. இந்தப் படியா, அந்தப் படியா என்று தெரியாமல் நடுவில் நின்றது.

அங்கப்பன் தன் வாசலில் நின்றார். நாச்சிமுத்து தன் வாசலில் நின்றார். இரண்டு பேருக்கும் வாய் துடித்தது. அவளுடைய அழைப்புக்கு வந்தது அது, அவள் எங்கே காட்டினாலும் போகும், அவள் வாசல் தம்பி பக்கம்.

அவள் அங்கப்பனுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே கையை நீட்டினாள், அவர் வாசல் பக்கம்.

"அக்கட்ட போங்க சாமி. அங்கதான் புள்ளத்தாச்சி இருக்குது. எங்களப் பத்தி யோசன பண்ணாதீங்க. நாங்க போத்திக்குவோம்."

சூடு அங்கப்பன் பக்கத்துப் படியேறியது. அவர் முழங்காலை உரசிக்கொண்டு உள்ளே போயிற்று.

அறைக்குள் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்த சம்பந்தியம்மா மஃப்ளரை அவிழ்த்தார். பிறகு சால்வையை. பிறகு ஸ்வெட்டரை. "ஒரு நிமிசம் உக்காந்துக்கறனுங்க," என்று கட்டிலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். கீழே கார்க்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோய் டீக்கடைக்குள் போய்விட்டார். பிருந்தா காலை நீட்டிப் படுத்து, கம்பளிக்குள் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள். "அம்மா வாசம்ப்பா," என்றாள். பிறகு, "சித்தி வாசமும் இருக்குது," என்றாள்.

சூடு வந்தது சரி, அந்த அறையில் இருந்த குளிர் எங்கே போகும்? வெளியே தள்ளப்பட்ட குளிர் புதுச் சுவர் வழியாக அந்தப் பக்கம் போயிற்று. இரண்டு பாதிக் குளிரும் ஒரு பாதியில் சேர்ந்துகொண்டது. பொழுது விடிந்து அங்கப்பன் கண் விழித்தபோது, துளசி காலத்துக்கு அப்புறம் அப்படித் தூங்கினதில்லை என்று நினைத்துக்கொண்டே சோம்பல் முறித்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியின் இருமல் கேட்டது, அதற்கு நடுவே இன்னொரு இருமல், சத்தம் வெளியே போகக் கூடாதென்று முந்தானையைப் பொத்திக்கொண்டு இருமுகிற இருமல்.

"அப்பா," என்றாள் பிருந்தா, கண்ணைத் திறக்காமலே. "சித்தி இருமறது கேக்குதா?"

"கேக்குது."

"கேட்டா?"

அங்கப்பன் எழுந்து போய் விறகுக் கொட்டகையில் இருந்த கடப்பாரையை எடுத்துவந்தார். சுவரில் மாட்டின கம்பளியைப் பிடுங்கி எறிந்தார். ஓங்கி ஒரு குத்து. பூச்சு உதிர்ந்தது.

"அண்ணா! என்ன பண்றே!" என்று கத்தினார் நாச்சிமுத்து அந்தப் பக்கமிருந்து. "செவுத்துல பாதி என்ரது!"

"உன்ர பாதிய நீ ஒடை!"

பிறகு அந்தப் பக்கமும் டம்மென்று விழுந்தது ஒரு அடி, அம்மிக் குழவியாக இருக்கும். அண்ணன் நாலு அடித்தால் தம்பி ஐந்து அடித்தார். தெரு கூடிவிட்டது. மாவுப் பாத்திரங்களோடுதான் வந்தார்கள், இனி எங்கே புளிக்கவைப்பது என்று கேட்க வந்தவர்கள் கல்லைப் பொறுக்கி வெளியே எறிய ஆரம்பித்தார்கள். ஆறுச்சாமி நடுவில் நின்று, யாரும் கேட்காமலே, "மெல்லமா, மெல்லமா, புள்ளத்தாச்சி மேல விழுகுது," என்று கூவிக்கொண்டிருந்தார். சுவர் இடுப்பு உயரத்துக்கு வந்ததும் சூடு அதைத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தது. ஹீட்டர் கம்பிகள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுட ஆரம்பித்தன, நாச்சிமுத்து கையை வைத்துவிட்டு "ஆவ்!" என்றார்.

அண்ணனும் தம்பியும் தலையெல்லாம் சிமெண்டுப் பொடியோடு நேருக்கு நேர் நின்றார்கள்.

"ஜன்னலு?" என்றார் நாச்சிமுத்து.

"தொறந்து தொலை. மூச்சு உடு மொதல்ல."

நாச்சிமுத்துவுக்குப் பின்னால் அவள் இருந்தாள். மறைந்து நிற்பதற்குச் சுவர் இல்லை. இருந்த ஒரு மூலையில் ஒதுங்கி, வழக்கப்படி முதுகைத் திருப்பி, முந்தானையை வாயில் வைத்து நின்றாள். தோளில் இரண்டு சால்வை, காலில் நாச்சிமுத்துவின் ஃபேக்டரி பூட்ஸ்.

அப்போதுதான் கட்டிலில் சம்பந்தியம்மா எழுந்து உட்கார்ந்தார். பாதி அறையில் படுத்தவர் முழு அறையில் விழித்திருந்தார். தலைமாட்டில் ஊரே நின்றது. கொண்டையை முடிந்துகொண்டு சுற்றிப் பார்த்தார், கன்னத்தைச் சுவரில் வைத்துப் பார்த்தார், கண்ணை மூடிக் கிடந்த மருமகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லாத் தூங்கிப்போட்டனுங்க. வெந்தயக்களி தின்னுட்டுப் படுத்த மாதிரி அப்பிடி ஒரு தூக்கம். இவ இங்கயே இருக்கட்டுங் சம்பந்தி. ஆனா ஒண்ணு சொல்லுங்க, நேத்து அந்தக் குளுரு குளுந்துச்சே, யாருங்க இதச் சரி பண்ணுனது?"

ஆறுச்சாமி மார்பை நிமிர்த்தினார். கவுன்சிலர் தொண்டையைச் செருமினார். நாச்சிமுத்து அண்ணனைப் பார்த்தார். கடப்பாரை அவர் கையில்தான் இருந்தது, அவர்தான் என்று சொன்னால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

அங்கப்பன் கடப்பாரையைக் கீழே சாய்த்து வைத்தார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மூலையில் திரும்பி நிற்கிற முதுகைப் பார்த்தார். "நாச்சிமுத்து ஊட்ல" என்று நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினார். விழுங்கிவிட்டு, குழாயடி வரைக்கும் கேட்கிற மாதிரி, பஸ்ஸில் ஊர்ப்பேர் கூப்பிடுகிற கண்டக்டரை விடச் சத்தமாக, இத்தனை வருஷத்தில் முதல்தடவையாகச் சொன்னார்:

"மயிலாத்தாள்."